கொள்கை, கோட்பாடு, சித்தாந்தம், கருத்தியல்: எந்த இடத்தில் எந்தச் சொல்?

மொழிபெயர்க்கும் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மெய்யியலைப் புதிதாகப் படிக்க வரும் மாணவர்களுக்கான அறிமுக நூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். மனிதர்கள் எவற்றை நம்புகிறார்கள், எவற்றின்படி நடக்கிறார்கள், இவ்விரண்டும் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன என்பதைப் பேசும் அத்தியாயத்தில் வந்து நின்றுவிட்டேன். மூல நூலில் பிரின்சிபிள், டாக்ட்ரின், க்ரீட், ஐடியாலஜி, பாலிசி, தியரி என்னும் ஆறு சொற்கள் தனித்தனிப் பொருளில் வருகின்றன. அவற்றில் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை ஆசிரியர் ஓரிடத்திலும் ஆளவில்லை. என்னுடைய முதல் வரைவிலோ ஆறில் நான்குக்குக் 'கொள்கை' என்றே எழுதியிருக்கிறேன் என்பது, வரைவை அச்செடுத்து வாசித்தபோதுதான் கண்ணில் பட்டது.

அந்த அத்தியாயத்தின் இரண்டு பக்கங்களைக் கல்லூரியில் முதலாண்டு படிக்கும் என் அக்காள் மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அவள் பொறுமையாக வாசித்துவிட்டு, "சித்தி, இது அரசாங்கத்தைப் பற்றிய பாடமா?" என்று கேட்டாள். செய்திகளில் 'கொள்கை முடிவு', 'வரிக் கொள்கை' என்று நாள்தோறும் கேட்டுப் பழகிய பெண்ணுக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. தவறு என்னுடையது. அவற்றில் சிலவற்றைச் 'சித்தாந்தம்' என்று மாற்றிப் பார்த்தேன். ஒரு பத்தியில் அது சைவ நூல் போலவும், அடுத்த பத்தியில் கட்சி அறிக்கை போலவும் ஒலித்தது. 'தத்துவம்' என்று மாற்றினால் நூல் முழுவதுமே தத்துவ நூலாக இருப்பதால் அந்தச் சொல் எதையும் தனித்துக் காட்டவில்லை. அகராதிகளைப் புரட்டினால் ஒவ்வொரு சொல்லுக்கும் நேராக அதே மூன்று நான்கு சொற்கள் வரிசை மாறிக் கிடக்கின்றன.

நான் தடுமாறும் வாக்கியத்தை அப்படியே தருகிறேன். "ஒருவருடைய ______ ஒன்றாக இருக்கலாம்; அவர் சேர்ந்திருக்கும் அமைப்பின் ______ வேறாக இருக்கலாம்; இரண்டுக்கும் அடியில் ஓடும் ______ அவரே அறியாததாகவும் இருக்கலாம்." இந்த மூன்று இடங்களிலும் மூன்று வேறு சொற்கள் வந்தாக வேண்டும். அந்த வேறுபாடு மாணவருக்கு விளக்கம் இல்லாமலே புரியவும் வேண்டும். பெரியவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

அம்மா, உங்கள் தடுமாற்றம் நியாயமானது. இந்தச் சொற்களில் பல ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதால்தான் அவை ஒன்றன் இடத்தில் மற்றொன்று எளிதாகப் போய் உட்கார்ந்துகொள்கின்றன. 'கொள்' என்னும் வினையோடு 'கை' என்னும் தொழிற்பெயர் விகுதி சேர்ந்தால் கொள்கை. அதே 'கொள்' முதலெழுத்து நீண்டு 'கோள்' ஆகும். கெடு கேடாவதையும், பெறு பேறாவதையும் முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று வகுப்பில் படித்திருப்பீர்கள், இதுவும் அவ்வகைதான். 'படு' என்பதும் அவ்வாறே நீண்டு 'பாடு' ஆகும். கோளும் பாடும் புணரும்போது, நாளும் குறிப்பும் சேர்ந்து நாட்குறிப்பு ஆவதைப் போல, ளகரம் டகரமாகிக் கோட்பாடு என்ற சொல் பிறக்கிறது. குறிக்கோள், மேற்கோள், கருதுகோள், வேண்டுகோள் ஆகிய அனைத்தும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகளே. கொள்கை என்பதில் கொள்ளுகிற ஆள் தெரிகிறார் என்பதும், கோட்பாடு என்பதில் கொள்ளப்பட்டு நிற்கிற கருத்து தெரிகிறது என்பதும் என் எண்ணம். இலக்கணம் இதை விதியாகச் சொல்லவில்லை. சொற்களின் அமைப்பைப் பார்த்து நான் உய்த்துணர்ந்ததையே சொல்கிறேன்.

பழைய ஆட்சியைப் பாருங்கள். திருக்குறளில் 'ஏந்திய கொள்கையார் சீறின்' என்று 899ஆம் குறள் தொடங்குகிறது. அங்கே கொள்கை என்பது மேற்கொண்ட உயர்ந்த நோன்பு. 'குலஞ்சுடும் கொள்கை பிழைப்பின்' என்பது 1019ஆம் குறள். அங்கே உரையாசிரியர் ஒழுக்கம் என்று பொருள் எழுதுகிறார். இரண்டு இடங்களிலும் கொள்கை என்பது ஒருவர் தலைக்குள் வைத்திருக்கும் கருத்தைக் குறிக்கவில்லை. அவர் வாழ்ந்து காட்டும் ஒன்றையே குறிக்கிறது. 'பிழைத்தல்' என்னும் வினையைக் கவனியுங்கள். கருத்து பிழையாக இருக்கக்கூடும். கொள்கையோ பிழைக்கும், அதாவது நழுவும், தவறிப்போகும். 'கொள்கைப் பிடிப்பு உள்ளவர்' என்று இன்று நாம் ஒருவரைப் பாராட்டும்போது இந்தப் பழைய பொருள்தான் உயிரோடு இருக்கிறது. ஆகவே தனிமனிதர் தம் வாழ்க்கைக்கு வகுத்துக்கொண்டதைக் குறிக்கும் இடங்களுக்குக் 'கொள்கை'யை ஒதுக்கிவையுங்கள் என்பது என் பரிந்துரை.

'மதம்' என்னும் சொல்லையும் இந்த இடத்தில் நினைவுகூர வேண்டும். இன்று அது வழிபாட்டோடும் பிறப்போடும் ஒட்டிப்போய்விட்டது. நன்னூலாரின் 'எழுவகை மதமே' என்று தொடங்கும் நூற்பாவில் அதற்கு வேறு பொருள். நூலாசிரியர் ஒருவர் பிறருடைய கருத்தைப் பற்றி எடுக்கக்கூடிய நிலைப்பாடுகள் ஏழு என்று அவர் கணக்கிடுகிறார். உடன்படுவது ஒரு மதம். மறுப்பது ஒரு மதம். பிறர் மதத்தை முதலில் ஏற்றுப் பேசிவிட்டுப் பிறகு களைவது ஒரு மதம். இருவர் மாறுபட்டுக் கொண்டவற்றுள் ஒன்றைத் துணிவது ஒரு மதம். எதிராளியின் கருத்தை அவர் நிலையில் நின்று முழுமையாகச் சொல்லிவிட்டுத்தான் அதை நீக்க வேண்டும் என்பதற்கு அந்தக் காலத்திலேயே இலக்கணம் வகுத்திருக்கிறார்கள் என்பதைப் பாடம் நடத்திய ஆண்டுகளில் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுத்ததில்லை. 'சம்மதம்' என்ற சொல்லுக்குள் இருப்பதும் இந்த மதமே. யானைக்குப் பிடிக்கும் மதம் வேறொரு வடசொல்லிலிருந்து வந்தது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோல் ஆகிவிட்டன. உங்கள் நூலுக்கு இந்தப் பழைய 'மதம்' இனிப் பயன்படாது என்பது வருத்தத்துக்குரியதே. மாணவர் அதை வேறு பொருளில்தான் படிப்பார்.

தெற்கில் மெய்யியல் கற்றவர் எழுதியது:

ஐயா அவர்களின் விளக்கத்தை மதிக்கிறேன். குறள் மேற்கோள்கள் இரண்டும் என் குறிப்பேட்டுக்குப் போய்விட்டன. ஆயினும் வேரை வைத்துப் பொருளை முடிவு செய்வதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. பள்ளி வேதியியலில் 'டால்டனின் அணுக்கொள்கை' என்று படித்துத்தான் நாம் எல்லோரும் வளர்ந்தோம். டால்டன் அதைத் தம் வாழ்க்கைக்கு நோன்பாக ஏற்றவர் அல்லர். அது ஆய்வில் சரிபார்க்க வேண்டிய தியரி. அதே போல 'ஆர்க்கிமிடீஸ் தத்துவம்' என்பதில் உள்ள தத்துவம் மெய்யியலைக் குறிக்கவில்லை. ஒரு இயற்பியல் விதியைக் குறிக்கிறது. பாடநூல் எழுதியவர்கள் தமக்கு முன்னால் கிடந்த சொற்களை எடுத்துக்கொண்டார்கள். நாமும் அவற்றோடு பழகிவிட்டோம். ஆகையால் வேர் எதைச் சொல்கிறது என்பதைவிட, இன்றைய தமிழர் அந்தச் சொல்லோடு எந்த வினையைச் சேர்க்கிறார் என்பதைப் பார்ப்பது உறுதியான வழி என்று நினைக்கிறேன்.

கொள்கையைக் கடைப்பிடிக்கிறோம், பரப்புகிறோம், விட்டுக்கொடுக்கிறோம், கைவிடுகிறோம். கோட்பாட்டை முன்வைக்கிறோம், நிறுவுகிறோம், மறுக்கிறோம், திருத்துகிறோம். நெறியில் நிற்கிறோம், நெறியிலிருந்து பிறழ்கிறோம். நம்பிக்கையை ஒருவர் மேல் வைக்கிறோம், இழக்கிறோம். சமயத்தைத் தழுவுகிறோம். இந்த வினைகளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிப் பொருத்திப் பாருங்கள். காதுக்கு உடனே உறுத்தும். சான்றுகள் எதிராக வந்ததும் தம் கோட்பாட்டைக் கைவிட்ட அறிவியலாளரை நாம் நேர்மையானவர் என்கிறோம். கொள்கையைக் கைவிட்டவரை அப்படிச் சொல்வதில்லை. 'கொள்கைக்குத் துரோகம் செய்துவிட்டார்' என்ற தொடர் நம்மிடம் உண்டு. 'கோட்பாட்டுக்குத் துரோகம் செய்துவிட்டார்' என்று எவரும் பேசி நான் கேட்டதில்லை. எனவே சகோதரி தம் நூலில் ஒவ்வோரிடத்திலும், இதை வைத்திருப்பவர் இதோடு என்ன செய்கிறார் என்று முதலில் கேட்டுக்கொள்ளலாம். அங்கே வருகிற வினை, தனக்கு உரிய பெயர்ச்சொல்லைத் தானே தேர்ந்துகொள்ளும்.

சித்தாந்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சித்தம் என்றால் நிலைநாட்டப்பட்டது. அந்தம் என்றால் முடிவு. வாதத்தில் எதிர்த்தரப்பின் கூற்றைப் பூர்வபக்கம் என்று முதலில் வைத்து, ஆராய்ந்து, இறுதியில் எட்டப்படும் முடிபே சித்தாந்தம். ஐயா நன்னூலில் காட்டிய முறை, சைவ சித்தாந்த நூல்களில் பெரும் கட்டடமாகவே எழுந்து நிற்கிறது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டு பிரிவாக இயற்றினார். பரபக்கத்தில் உலோகாயதம் தொடங்கிப் பாஞ்சராத்திரம் வரை 14 தரப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் மறுப்புச் சொன்ன பிறகே சுபக்கத்தில் தம் தரப்பை நிறுத்துகிறார். அங்கே சித்தாந்தம் என்பது 14 வாயில்களைத் தாண்டி வந்து சேர்ந்த இடம். இன்றைய மேடைப் பேச்சில் அது விவாதத்துக்கு முன்பே கையில் கொடுக்கப்படும் பொருளாகிவிட்டது. ஆகவே ஐடியாலஜிக்குச் சித்தாந்தம் என்று எழுதுவது பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து.

ஐடியாலஜி என்னும் சொல்லைப் பிரான்சில் டெஸ்டுட் டி டிரேசி என்னும் மெய்யியலாளர் 1796இல் உருவாக்கினார். எண்ணங்கள் எவ்வாறு தோன்றுகின்றன என்பதை ஆராயும் ஓர் அறிவியலுக்குப் பெயராகத்தான் அவர் அதை வைத்தார். நெப்போலியன் அவரையும் அவரைச் சேர்ந்தவர்களையும் நடைமுறை அறியாதவர்கள் என்று இழித்துப் பேச அதே சொல்லைத் திருப்பினார். பின்னர் மார்க்சும் எங்கெல்சும் அதை எடுத்தாண்டபோது, ஒரு சமூகத்தில் ஆளும் வர்க்கத்தின் எண்ணங்கள் எல்லோருக்கும் பொதுவான உண்மை போலத் தோன்றும் நிலையைச் சுட்டுவதாக அது ஆயிற்று. இந்த வரலாறு முழுவதையும் சுமக்கக்கூடிய சொல் தமிழில் 'கருத்தியல்'. எங்கள் ஈழத்து விமரிசன மரபில் 'கருத்துநிலை' என்றும் எழுதுவோம். எனக்குக் கருத்துநிலையே அதிகம் பிடிக்கும். மனிதர் நிற்கும் நிலை அதில் தெரிகிறது. உங்கள் மாணவர்கள் எந்தச் சொல்லை ஏற்கெனவே கேட்டிருப்பார்களோ அதையே எழுதுங்கள். ஆனால் நூல் முழுவதும் ஒன்றையே எழுதுங்கள்.

மெய்ப்புத் திருத்துபவர் எழுதியது:

முந்தைய பதிவில் 'கருத்தியல்' என்ற சொல்லைப் பார்த்ததும், பல ஆண்டுகளாகக் கைப்பிரதிகளில் நான் மல்லுக்கட்டும் ஒரு சிக்கலைச் சொல்லத் தோன்றியது. சிக்கல் சொற்களின் வால்களில் இருக்கிறது.

தமிழில் 'இயல்' என்ற ஈறு துறையைக் குறிக்கிறது: உயிரியல், பொருளியல், மொழியியல். 'இயம்' என்ற ஈறு ஒரு நிலைப்பாட்டைக் குறிக்கிறது: மார்க்சியம், காந்தியம், பெண்ணியம், தலித்தியம். இந்த இரண்டையும் இப்படிப் பிரித்து ஆண்டால் வாசகருக்கு எவ்வளவோ குழப்பம் குறையும். ஆனால் அமைப்பியல், இருத்தலியல் என்று பல ஆண்டுகளாக அச்சில் நிலைத்துவிட்ட சொற்களைப் பாருங்கள். அவை துறைகளா, நிலைப்பாடுகளா என்பதைச் சொல்லின் வடிவம் சொல்லவில்லை. சமூகவியல் என்ற துறையையும் இருத்தலியல் என்ற சிந்தனைப் போக்கையும் ஒரே பட்டியலில் பார்க்கும் மாணவர் இரண்டையும் பல்கலைக்கழகத் துறைகள் என்றே எண்ணுவார். இருத்தலியம் என்று எழுதுவோரும் இருக்கிறார்கள். நான் திருத்தும் பிரதிகளில் ஆசிரியர் இசைந்தால் அப்படியே மாற்றிவிடுகிறேன். கருத்தியலில் அந்த மாற்றத்துக்கு இடமில்லை. கருத்தியம் என்று எழுதினால் வாசகர் அதை வேறெதுவாகவோ நினைப்பார்.

'வாதம்' என்ற ஈற்றில் இன்னொரு நுட்பம் உண்டு. அது வாதிடுவதைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது. நோயாகிய வாதத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. மணிமேகலையில் சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதை முழுவதும் இந்த ஈற்றால் நிறைந்தது. வஞ்சி மாநகரில் மணிமேகலை அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி, வைசேடிகவாதி, பூதவாதி என ஒவ்வொருவரிடமும் சென்று அவரவர் கூற்றைக் கேட்கிறாள். வாதி என்பது அங்கே இழிசொல் அல்ல. தம் தரப்பை எடுத்துச் சொல்லக்கூடியவர் என்பதே பொருள். இன்று தீவிரவாதம், பிரிவினைவாதம், இனவாதம், சந்தர்ப்பவாதம் என்று கண்டிக்கத்தக்கவற்றுக்கே அது அதிகமாகப் பயன்படுவதால் அந்த ஈற்றில் ஒரு கறை படிந்துவிட்டது. பெண்ணியத்தை ஏற்காதவர்கள் அதைப் 'பெண்ணியவாதம்' என்று எழுதுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். இரண்டு எழுத்து கூடுவதில் எழுதியவரின் மனச்சாய்வு வெளிப்பட்டுவிடுகிறது. அறிமுக நூல் எழுதுபவர் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். ஒரு சிந்தனைப் போக்குக்கு 'இயம்' என்றும் அதற்கு எதிரானதற்கு 'வாதம்' என்றும் எழுதினால், மாணவர் ஒரு வரி படிப்பதற்கு முன்பே நாம் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

இதற்கு மாறாக, 'வாதம்' அழகாகப் பொருந்திய இணை ஒன்றும் உண்டு: பொருள்முதல்வாதம், கருத்துமுதல்வாதம். பொருள் முந்தியதா, கருத்து முந்தியதா என்ற பழைய வழக்கின் இரு தரப்புகளையும் பெயரிலேயே எதிரெதிரே நிறுத்தியிருக்கிறார்கள். விளக்கக் குறிப்பு எழுதாமலே புரிகிற கலைச்சொற்கள் மிகக் குறைவு. அவற்றில் இவ்விரண்டும் சேரும். வறட்டுவாதம், திரிபுவாதம் என்ற சொற்களை ஆக்கியவர்களும் இடதுசாரி இயக்கத்தார்தாம். உங்கள் நூலில் டாக்மா என்று எங்காவது வந்தால், நம்பிக்கையை ஆராயாமல் பற்றிக்கொண்டிருக்கும் போக்கைச் சுட்ட 'வறட்டுவாதம்' பொருந்தும். ஒரு சமயத்தார் மாற்றக் கூடாதது என்று மரியாதையோடு போற்றுவதைச் சுட்ட அது பொருந்தாது. அங்கே அது வசை ஆகிவிடும்.

தேவாலயப் பின்னணியில் வளர்ந்தவர் எழுதியது:

க்ரீட் என்ற சொல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தமிழ்க் கிறித்தவர்கள் அதை 'விசுவாசப் பிரமாணம்' என்றும் 'நம்பிக்கை அறிக்கை' என்றும் சொல்கிறார்கள். அது சபையார் எழுந்து நின்று ஒரே குரலில் சொல்லும் சிறு பாடம். 'விசுவசிக்கிறேன்' அல்லது 'நம்புகிறேன்' என்ற வினையே அதைத் தாங்கி நிற்கிறது. நெறி, கோட்பாடு போன்ற சொற்களை இங்கே வைத்தால் வாயால் அறிக்கையிடும் அந்தச் செயல் காணாமல் போய்விடும். இசுலாமியத் தமிழர்கள் நம்பிக்கையை ஈமான் என்று சொல்வதும், தம் சமயத்தை மார்க்கம் என்று சொல்வதும் தாங்கள் அறிந்ததே. மார்க்கம் என்பதும் வழிதான். நெறி என்பதும் வழிதான். பொது வாசகருக்கான நூலில் 'நம்பிக்கை அறிக்கை' என்பதே எல்லோருக்கும் புரியும். 'விசுவாசம்' என்று எழுதினால் பலருக்கு எசமானருக்குக் காட்டும் உண்மைத்தன்மை என்ற பொருள் முன்னால் வந்துவிடும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

மெய்யியல் கற்ற தம்பி சொன்ன வினைச்சொல் சோதனையை முழு மனத்தோடு ஏற்கிறேன். அணுக்கொள்கையை நான் மறந்துவிட்டேன். வேர் ஒரு சொல்லின் பிறந்த ஊரைக் காட்டும். அது இப்போது குடியிருக்கும் வீட்டைக் காட்டாது.

அதற்குச் சான்றாக 'நம்பு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். 'நம்பும் மேவும் நசையாகும்மே' என்று தொல்காப்பிய உரியியல் கூறுகிறது. நசை என்றால் விருப்பம். அந்த நாளில் ஒன்றை நம்புவது அதை விரும்புவதாக இருந்தது. அது உண்மை என்று ஒப்புக்கொள்வது பின்னால் சேர்ந்த பொருள். நம் இன்றைய பேச்சிலும் அந்தப் பழைய பொருளின் சாயல் முழுதாக நீங்கவில்லை. 'உன்னை நம்பித்தானே வந்தேன்' என்று சொல்பவர் ஒரு கூற்றின் உண்மையைப் பற்றிப் பேசவில்லை. விழுமியம் என்ற சொல்லும் இப்படித்தான். அதற்கு மூலமான 'விழுமம்' என்னும் சொல்லுக்குச் சிறப்பு என்ற பொருளோடு துன்பம் என்ற பொருளையும் தொல்காப்பியர் சொல்கிறார். 107ஆம் குறளில் 'விழுமந் துடைத்தவர் நட்பு' என்று வருமிடத்தில் துன்பம் என்பதே பொருள். இன்று விழுமியம் என்றால் போற்றத்தக்க மதிப்பு என்று மட்டுமே எல்லோரும் அறிவர். அதில் தவறு ஒன்றும் இல்லை. மதிப்பீடு என்று எழுதும் பழக்கத்தைவிட இது மேலானது. மதிப்பீடு என்றால் மாணவருக்குத் தேர்வு மதிப்பெண்தான் நினைவுக்கு வரும்.

மொழிபெயர்க்கும் வாசகி எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று நாட்களாக அத்தியாயம் முழுவதையும் வினைச்சொற்களைப் பார்த்தே மறுபடி எழுதினேன். 'கொள்கை' என்று இருந்த 41 இடங்களில் இப்போது 13 மட்டுமே எஞ்சியிருக்கின்றன. அவற்றில் பாலிசி வரும் இடங்களில் முன்னால் அடைமொழி சேர்த்து 'அரசின் கொள்கை', 'நிறுவனத்தின் கொள்கை' என்று எழுதியிருக்கிறேன். ஐயா சொன்னதுபோல் தனிமனிதர் உறுதியோடு பற்றியிருக்கும் இடங்களில் அடைமொழி இல்லாமல் 'கொள்கை' என்றே விட்டிருக்கிறேன். டாக்ட்ரின், தியரி இரண்டுக்கும் 'கோட்பாடு' என்றே வருவதைத் தவிர்க்க முடியவில்லை. ஆனால் முதலாவதில் 'போதிக்கிறது' என்ற வினையும் இரண்டாவதில் 'நிறுவுகிறது', 'மறுக்கிறது' என்ற வினைகளும் வருவதால் படிப்பவருக்கு வேறுபாடு தெரிகிறது. நான் கேட்ட வாக்கியம் இப்போது இப்படி நிற்கிறது: "ஒருவருடைய நம்பிக்கை ஒன்றாக இருக்கலாம், அவர் சேர்ந்திருக்கும் அமைப்பு போதிக்கும் கோட்பாடு வேறாக இருக்கலாம், இரண்டுக்கும் அடியில் ஓடும் கருத்தியல் அவரே அறியாததாகவும் இருக்கலாம்."

அக்காள் மகளிடம் இந்த வாக்கியத்தை மட்டும் வாசித்துக் காட்டினேன். "மூன்றாவதை மட்டும் அவர் தேர்ந்தெடுக்கவில்லை, இல்லையா சித்தி?" என்று கேட்டாள். ஆசிரியர் அடுத்த மூன்று பக்கங்களில் சொல்ல வருவதே அதுதான்.

ஒரே ஓர் இடம் இன்னும் ஒத்துவரவில்லை. பிரின்சிபிள் என்பது, ஒருவர் எந்தச் சூழலிலும் மாறாமல் தம் செயல்களை அளந்து பார்க்கும் அளவுகோலைக் குறிக்குமிடத்தில், 'கொள்கை' என்றால் அரசியல் வாடை வருகிறது. 'தத்துவம்' என்றால் இயற்பியல் வாடை வருகிறது. மூலத்தில் உள்ள எடுத்துக்காட்டு, யாரும் பார்க்காத இடத்திலும் கண்டெடுத்த பணத்தை உரியவரிடம் ஒப்படைக்கும் ஒருவரைப் பற்றியது.

தெற்கில் மெய்யியல் கற்றவர் எழுதியது:

அந்த இடத்துக்கு 'நெறி' என்றே எழுதுங்கள், சகோதரி. தனியாக நிற்க அது தயங்கினால் 'அறநெறி' என்று எழுதுங்கள். நெறிமுறை என்று நீட்டிவிட வேண்டாம். அந்தச் சொல் இப்போது சுற்றறிக்கைகளிலும் கணினி வலையமைப்பு நூல்களிலும் வேறு பணியில் இருக்கிறது, அதோடு அது பிறர் வகுத்துத் தந்ததாகவே ஒலிக்கிறது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தவரைப் பற்றி அயலார் என்ன சொல்வார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவர் ஒரு கொள்கையைக் கடைப்பிடித்தார் என்று சொல்லமாட்டார்கள்; நெறி தவறாதவர் என்று சொல்வார்கள். 'நெறி', 'தவறு' என்னும் இரண்டு சொற்களும் ஒன்றையொன்று தேடி வருவதால், உங்கள் வாக்கியத்தைப் "பார்ப்பவர் எவரும் இல்லாதபோதும் அவர் தம் நெறி தவறவில்லை" என்று முடித்துவிடலாம். அளவுகோல் என்ற உவமையை அடுத்த வாக்கியத்துக்குத் தள்ளிவையுங்கள். நெறி என்பது நடந்து செல்லும் வழி; அதன் அருகிலேயே அளவுகோலையும் கொண்டுவந்தால் இரண்டு உருவகங்களும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்.